சங்கக் கூட்டத்தில் இறைவணக்கம் வேண்டுமா?

வாசகர் கேள்விகளுக்கு அண்ணாச்சி பதில்கள்

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். எங்கள் ஊரில் நாணயம், தபால்தலை சேகரிக்கிறவர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு நூலக மாடியில் கூடுவோம். வந்ததும் ஆல்பத்தைத் திறந்து உட்கார்ந்துவிடுவதுதான் வழக்கம். இப்போது வந்திருக்கும் செயலாளர் விளக்கேற்றி, பிள்ளையார் பாட்டு ஒன்று பாடி, எல்லோரையும் கண்ணை மூடிக் கும்பிடச் சொல்லித்தான் கூட்டத்தைத் தொடங்குகிறார். எனக்கு அந்தப் பாட்டு பிடிக்கும். ஆனால் காசில் இருக்கும் பாரசீக எழுத்தைப் படிக்க எனக்குக் கற்றுக்கொடுத்த கடையநல்லூர் பாய், அப்போதிருந்து தாமதமாகவே வருகிறார். பாட்டு முடியும்வரை அவர் கீழே படிக்கட்டில் நிற்பதைப் பார்த்துவிட்டேன். புனலூரிலிருந்து வரும் தம்பி ஒருவன் சாமி கும்பிடாதவன். அவன் வருவதையே நிறுத்திவிட்டான். செயலாளரிடம் மெதுவாகச் சொன்னேன். “நாம கையில எடுக்கிற காசுல எல்லாம் சாமிதானே இருக்கு, கும்பிட்டா என்ன?” என்கிறார். நான் என்ன செய்யட்டும்?
– செங்கோட்டை வாசகி

பதில்: தங்கச்சி, என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கூட்டத்தில் இறைவணக்கம் வேண்டாம்.

நான் சாமி கும்பிடாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். செவ்வாய்க்கிழமை இலஞ்சி குமாரரைப் பார்க்காவிட்டால் எனக்கு அந்த வாரமே ஓடாது. தபால் ஆபீஸ் வேலையில் இருந்த காலம் முழுக்க நெற்றியில் திருநீறு இல்லாமல் கவுண்டரில் உட்கார்ந்ததில்லை. அந்தத் திருநீறு என் சொந்த விஷயம். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரிடம், “நீங்களும் பூசிக்கிட்டு வாங்க, அப்புறம் மணியார்டர் தர்றேன்” என்று நான் சொல்லியிருந்தால் அது முறையாகுமா? உங்கள் சங்கத்திலும் அதே கதைதான். பாய் சந்தா கட்டியது காசுக்காக. அந்தத் தம்பி ரயிலேறி மலையைத் தாண்டி வந்தது தபால்தலைக்காக. அவர்கள் கேட்டு வராத ஒன்றை வாசலில் வைத்துவிட்டு, அதைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும் என்றால் எப்படி?

செயலாளர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. அதை மதித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். நம்ம பக்கத்துக் காசில் சாமி இருக்கத்தான் செய்கிறது. 1750-ல் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாப சுவாமிக்கு அர்ப்பணித்துவிட்டு, பத்மநாப தாசராக இருந்து ஆண்டார். பத்மநாபரின் சங்கு திருவிதாங்கூர்க் காசில் வந்தது, 1888-ல் ‘அஞ்சல்’ என்ற திருவிதாங்கூரின் சொந்தத் தபால் சேவை வெளியிட்ட தபால்தலையிலும் வந்தது. திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த உங்கள் செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதனால் உங்கள் ஊர் வீடுகளின் பழைய பெட்டிகளில் சக்கரமும் காசும் இன்னும் கிடக்கும். பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய் என்று கணக்குச் சொல்லும் பாட்டிமாரை நானே பார்த்திருக்கிறேன். விஜயநகரத்துப் பொற்காசான வராகனில் வேங்கடேசர் நிற்கிறார். சென்னையில் கம்பெனிக்காரர்கள் அடித்த மூன்று சாமி வராகனில் அதே வேங்கடேசர் இரண்டு தேவியரோடு நிற்கிறார். இதெல்லாம் சரி.

ஆனால் ஆல்பம் அந்தப் பக்கத்தோடு முடிந்துவிடவில்லையே! குஷான ராஜா கனிஷ்கர் காசுகளை எடுங்கள். ஒன்றில் கிரேக்கத் தெய்வம், ஒன்றில் ஈரானியத் தெய்வம், சிலவற்றில் புத்தர். முகமது கோரியின் பொற்காசில் ஒரு பக்கம் லட்சுமி உட்கார்ந்திருக்கிறாள், மறுபக்கம் நாகரி எழுத்தில் அவர் பெயர். ஹைதர் அலி அடித்த வராகனில் சிவனும் பார்வதியும். அக்பர் காசு ஒன்றில் ராமரும் சீதையும். மலபார்க் கரைக்கு மிளகு வாங்க வந்த பணத்தோடு வெனிஸ் நகரத்துத் தங்கக் காசும் வந்து இறங்கியது. அதில் ஒரு பக்கம் ஏசுநாதர். கேரளத்தில் அந்தக் காசை நகையாகவும் கோத்துப் போட்டுக்கொண்டார்கள். போட்டவர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்களும் இல்லை.

இத்தனை பேருடைய தெய்வமும் உங்கள் நூலக மாடி மேஜைக்கு வந்துபோகிறது. கோரி காசில் இருக்கும் லட்சுமியைப் பற்றி பாய் சொல்கிறார். முகலாய ரூபாயில் இருக்கும் கலிமாவை, அதாவது இஸ்லாத்தின் உறுதிமொழியை, அவரிடம் படித்த நீங்கள் எழுத்துக்கூட்டி வாசிக்கிறீர்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மேஜை அமைவது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? நமது ஊர்களில் ஒரு பாயும் ஒரு சைவ வீட்டுப் பெண்ணும் ஒரு நாத்திகப் பையனும் ஒரே லென்ஸைக் கை மாற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காரும் இடம் வேறு எது இருக்கிறது? யாரும் யாரையும் கும்பிடச் சொல்லாததால்தான் அது நடந்தது. ஒரு சாமிக்கு மட்டும் விளக்கு ஏற்றிய பிறகு, அதுவரை சங்கத்தில் உரிமைக்காரராக இருந்த பாய் விருந்தாளி ஆகிவிட்டார். அதுதான் அவரைப் படிக்கட்டில் நிற்க வைத்திருக்கிறது.

செயலாளரிடம் சொல்ல இன்னொரு காசுக் கதையும் தருகிறேன். ஔரங்கசீப் பட்டத்துக்கு வந்ததும் காசில் கலிமா பொறிப்பதை நிறுத்திவிட்டார். காசு எல்லார் கையிலும் புரளும், காலிலும் மிதிபடும், புனித வாசகம் அங்கே இருக்கக்கூடாது என்பது காரணம். அவருடைய மதப்பற்றை யாரும் சந்தேகப்பட முடியாது. அந்தப் பற்றினால்தான் அவர் அதைக் காசிலிருந்து எடுத்தார். உங்கள் கூட்ட நிரலில் ‘இறைவணக்கம், சந்தா பாக்கி, டூப்ளிகேட் மாற்று, தேநீர்’ என்று வரிசையாக இருக்கும். பாட்டு நடக்கும்போது ஒருவர் லென்ஸைத் துடைப்பார், ஒருவர் எந்தக் காசை யாரிடம் மாற்றலாம் என்று மனசுக்குள் கணக்குப் போடுவார். பக்தி இருக்கிறவனுக்கு இது வருத்தமான காட்சி. பிள்ளையாரை இப்படி நிற்க வைத்துவிட்டு நாம் சந்தா பாக்கிக்குப் போக வேண்டுமா? செயலாளருக்கு உண்மையான பக்தி இருந்தால் இந்த இடம் அவருக்குக் கட்டாயம் புரியும்.

இனி, எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

வாட்ஸ்அப் குழுவில் எழுதாதீர்கள். அங்கே போட்டால் அன்றைக்கு ராத்திரியே அது மதச் சண்டை ஆகிவிடும். செயலாளர் வீட்டுக்குப் போய், நேரில் தனியாகப் பேசுங்கள். அவர் யாரையும் ஒதுக்க நினைத்து இதைத் தொடங்கியிருக்க மாட்டார் என்றே நான் நினைக்கிறேன். நம்ம பக்கம் எந்த விழா நோட்டீஸை எடுத்தாலும் முதல் வரி இறைவணக்கம்தான். ஆரியங்காவைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் அதையே ஈஸ்வர பிரார்த்தனை என்று போடுகிறார்கள். பதவிக்கு வந்த மனுஷன், கூட்டத்துக்கு ஒரு ஒழுங்கு வேண்டும் என்று தனக்குத் தெரிந்த ஒழுங்கைக் கொண்டுவந்திருப்பார். அதனால் குற்றம் சொல்கிற தொனி வேண்டாம். “அண்ணாச்சி, நீங்க வந்த பிறகு கூட்டம் நேரத்துக்குத் தொடங்குது, சந்தோஷம். ஆனா ரெண்டு பேர் நம்மைவிட்டு விலகிக்கிட்டிருக்காங்க. பாட்டை விட்டுட்டு முன்ன மாதிரியே நேரா காசுக்குப் போயிடலாமே” என்று சொல்லுங்கள். கூட்டத்துக்கு முன்னால் கும்பிட நினைக்கிறவர்கள் கோயிலுக்குப் போய்விட்டு வரட்டும். யார் வேண்டாம் என்பது?

பாய் பெயரை நீங்கள் சொல்லக்கூடாது. “பாய்க்குக் கஷ்டமா இருக்கு” என்று சொன்ன நிமிஷத்தில் பாட்டு நின்றதற்குக் காரணம் பாய் என்று ஆகிவிடும். அவர் உங்களிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. படிக்கட்டில் நின்றது எதனால்? யாருக்கும் சங்கடம் வரக்கூடாது என்றுதான். அந்தப் பெருந்தன்மையை நீங்கள் காப்பாற்ற வேண்டும். இது உங்கள் கோரிக்கையாகவே இருக்கட்டும். அந்தப் பாட்டு பிடித்த நீங்கள் கேட்கும்போது அதற்குத் தனி மதிப்பு இருக்கிறது.

செயலாளர் கேட்காவிட்டால் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதி, ‘கூட்ட நடைமுறை’ என்று அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். சங்கம் 1975-ம் வருஷத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவானது என்றால் நோக்கம் எழுதிய தாள் ஒன்று கட்டாயம் இருக்கும். அதை எடுத்து வாசியுங்கள். நாணய, தபால்தலை ஆர்வத்தை வளர்ப்பது என்றுதான் எழுதியிருப்பார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தது அதற்குத்தான்.

ஒன்றை மட்டும் விடவே விடாதீர்கள். பொதுக்கூட்டத்தில் கை தூக்கி ஓட்டெடுக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். ‘சாமி பாட்டு வேண்டாம் என்கிறவர்கள் கை தூக்குங்கள்’ என்றால் பாய் என்ன செய்வார்? நீங்களே என்ன செய்வீர்கள்? சொந்த ஊரில் பத்துப் பேர் முன்னால் சாமிக்கு எதிராகக் கை தூக்கியவர் என்ற பெயரை யாருக்கும் வாங்கிக் கொடுக்கக்கூடாது. தேநீருக்கு வடையா சுண்டலா என்பதை ஓட்டில் முடிவு செய்யலாம். பெரும்பான்மை இருக்கிறது என்பதற்காக ஒருவர் மனசாட்சியை முடிவு செய்யக்கூடாது.

இது முடிகிற வரைக்கும் பாட்டு நடக்கும்போது என்ன செய்வது? 1985-ல் கோட்டயம் மாவட்டத்தில், யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேரைப் பள்ளிக்கூடத்திலிருந்து நீக்கினார்கள். தேசிய கீதம் பாடும்போது அவர்கள் மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. அதுதான் குற்றம். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று பெயர். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி. நம் மரபும் தத்துவமும் அரசியல் சாசனமும் சகிப்பைத்தான் சொல்கின்றன, அதை நீர்த்துப்போக விடக்கூடாது என்ற கருத்தில் அவர் முடித்திருக்கிறார். அது தேசிய கீதமும் பள்ளிக்கூடமும் சம்பந்தப்பட்ட வழக்கு, உங்கள் சங்கத்துக்குக் கோர்ட்டெல்லாம் வேண்டாம். அதில் இருக்கிற நியாயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மரியாதைக்கு எழுந்து நிற்கலாம், கையைக் கூப்பவோ கண்ணை மூடவோ யாரும் கடமைப்பட்டவர் இல்லை. பாய் மாடிக்கு வந்து தன் நாற்காலி பக்கத்திலேயே சும்மா நிற்கட்டும். நீங்களும் அவர் பக்கத்தில் நில்லுங்கள்.

புனலூர்த் தம்பிக்கு இன்றைக்கே போன் போடுங்கள். சின்ன வயசுக்காரர்கள் இந்த ஆர்வத்துக்கு வருவதே அபூர்வம்.

கேள்வி: ஐயா, நான் பாலக்காடு ஜில்லா சித்தூர்ப் பக்கம் பறவை பார்க்கிற குழு ஒன்றுக்குச் செயலாளர். தமிழ்க்காரர்களும் மலையாளிகளும் கலந்த குழு. மூத்தவர்கள் சிலர், ஈஸ்வர பிரார்த்தனை இல்லாமல் தொடங்கினால் வெறிச்சென்று இருக்கிறது என்கிறார்கள். மூன்று மதப் பாட்டையும் ஒவ்வொன்றாகப் பாடினால் யாருக்கும் குறை இருக்காதே? அல்லது தமிழ்த்தாய் வாழ்த்து பாடலாமா?
– கொழிஞ்சாம்பாறை வாசகர்

பதில்: சார், மூன்று பாட்டு என்பது நல்ல மனசில் வந்த யோசனை. ஆனால் சமணர் ஒருவர் சேர்ந்தால் நாலாவது பாட்டு வேண்டும். எந்த மதமும் இல்லாதவருக்கு எத்தனை பாட்டு பாடினாலும் இடம் கிடைக்காது. எது முதலில், எது கடைசியில் என்ற பேச்சும் வரும். பறவை அதுவரை காத்திருக்காது, வெயில் ஏறிவிடும்.

எல்லா மதத்துக்காரரும் கூடுவதைப் பற்றி உங்கள் கேரளத்திலேயே ஒரு பெரியவர் வழி சொல்லியிருக்கிறார். 1924-ல் ஆலுவாயில் நாராயண குரு சர்வமத சம்மேளனம் நடத்தினார். வாதாடவும் ஜெயிக்கவும் அல்ல, அறியவும் அறிவிக்கவும்தான் என்று அங்கே எழுதி வைத்தார்கள். மதத்தைப் பேசவே கூடிய கூட்டம் அது, அங்கேயே அந்தப் பக்குவம் இருந்தது. பறவைக்காகக் கூடுகிறவர்கள் அறிவதிலிருந்தே தொடங்கலாமே?

தமிழ்த்தாய் வாழ்த்து பற்றிக் கேட்டீர்கள். அதை எழுதிய சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்தவர், அதனால் உங்களுக்கும் உரியவர்தான். அவர் எழுதியதில் பரம்பொருளைப் பற்றிய வரிகளும் உண்டு. 1970-ல் தமிழ்நாடு அரசு அந்த வரிகளை விட்டுவிட்டுத்தான் விழாக்களுக்கு எடுத்துக்கொண்டது, 2021-ல் மாநிலப் பாடலாகவும் அறிவித்தது. தமிழ்நாட்டுப் பக்கத்தில் ஒரு சங்கம் கேட்டிருந்தால் தாராளமாகப் பாடுங்கள் என்பேன். மலையாளிகள் பாதிப்பேர் இருக்கும் குழுவில் அவர்களாக விரும்பினால் மட்டும் பாடுங்கள். மதத்தில் செய்யாததை மொழியில் செய்துவிடக்கூடாது.

மூத்தவர்களுக்கு வெறிச்சென்று இருக்கிறது என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் ஒன்றாக அமைதியாகி, ஒரே இடத்தில் மனசை வைக்கும் ஒரு நிமிஷத்தைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். அதை அவர்களிடமே கொடுங்கள். 1933-ல் பறவை ஆய்வாளர் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளைக் கணக்கெடுக்க வந்தபோது உங்கள் பரம்பிக்குளம் காட்டுக் குரியார்குட்டியில் தங்கி வேலை செய்தவர். அந்தக் காடு உங்கள் தாலுகாவில்தான் இருக்கிறது. மூத்தவர் ஒருவர் தன் பழைய நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் வாசித்துக் கூட்டத்தைத் தொடங்கி வைக்கட்டும். எந்தக் குளத்தில், எந்த மாசத்தில், என்ன பார்த்தார் என்று. இன்றைக்கு அந்தக் குளம் இருக்கிறதா என்று யாராவது கேட்பார்கள். கூட்டம் சூடு பிடித்துவிடும்.

கேள்வி: எங்கள் சதுரங்கக் கழகத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் காலமாகிவிட்டார். பிரார்த்தனை கூடாது என்ற விதி வைத்திருக்கிறோம். அவருக்காக எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினால் விதியை மீறியதாகுமா?
– களியக்காவிளை வாசகர்

பதில்: ஆகாது தம்பி. தயங்காமல் செய்யுங்கள். ஒரு நிமிஷம் எழுந்து நிற்பது செத்துப்போன மனுஷனுக்குக் கொடுக்கும் மரியாதை. அந்த நிமிஷத்தில் ஒருவர் மனசுக்குள் ஜெபம் சொல்வார், ஒருவர் அவரோடு ஆடிய ஆட்டத்தை நினைப்பார். அதைக் கழகம் கேட்க வேண்டியதில்லை. அவர் வீட்டில் ஜெபக்கூட்டமோ பதினாறாம் நாளோ வைத்தால் அழைப்பை எதிர்பார்க்காமல் எல்லோரும் போங்கள். அவர் மதம் எதுவானாலும், உங்கள் மதம் எதுவானாலும் போங்கள். அது அவர் வீடு, அங்கே அவர்கள் முறைதான். அவருடைய போர்டை வீட்டார் என்ன செய்யப்போகிறார்கள் என்றும் மெதுவாக விசாரித்து வையுங்கள். வேண்டாம் என்றால் கழகத்தில் வைத்துப் புதுப் பிள்ளைகளை அதில் ஆடவிடலாம்.

கேள்வி: ஆந்திர எல்லையில், நகரியில் இருக்கிறோம். எங்கள் நாணயச் சங்கத்தின் வருடாந்திரச் சுற்றுலாவைத் திருப்பதி தரிசனத்தோடு சேர்த்து வைக்கலாம் என்று ஒரு பேச்சு. உறுப்பினர்களில் இரண்டு கிறிஸ்தவக் குடும்பங்கள் உண்டு. என்ன செய்யலாம்?
– நகரி வாசகர்

பதில்: சங்கத்தின் சுற்றுலாவைச் சந்திரகிரிக் கோட்டைக்குப் போடுங்கள் தம்பி. திருப்பதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. விஜயநகரத்து ராஜாக்கள் கடைசிக் காலத்தில் இருந்து ஆண்ட இடம். ராஜ மகாலில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. வேங்கடேசர் வராகனைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் சங்கத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பஸ் வாடகையும் சாப்பாடும் எல்லோருக்கும் பொது. கோட்டையைப் பார்த்து முடித்த பிறகு மலைக்குப் போகிறவர்கள் தங்கள் செலவில் தனியாகப் போகட்டும், தரிசன டிக்கெட்டையும் அவர்களே முன்கூட்டிப் போட்டுக்கொள்ளட்டும். ஊர் திரும்புகிறவர்களை பஸ் அன்றைக்கே கொண்டுவந்து விட்டுவிடட்டும். நோட்டீஸில் ‘சந்திரகிரிச் சுற்றுலா’ என்று மட்டும் அச்சடியுங்கள்.